பத்து வயது டீமுக்குக் கோச் ஆனால்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வெளியே ஒரு குடியிருப்பு. 9 முதல் 11 வயது வரை 18 பிள்ளைகள், அதில் 3 பேர் பெண் பிள்ளைகள். சனி, ஞாயிறு சாயங்காலம் கிரவுண்ட் கிடைக்கும். காலேஜில் ஃபுட்பால் ஆடியவர் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைக் கோச் ஆக்கிவிட்டார்கள். மூன்று மாதத்தில் ஒரு டோர்னமென்ட். உங்கள் மகனும் அதே டீமில் இருக்கிறான். எப்படிப் பயிற்சி கொடுப்பது, யாரிடம் திறமை இருக்கிறது என்பதை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு கிரவுண்டில் 14 வருஷமாக இந்த வயதுப் பிள்ளைகளோடு நிற்கிறேன். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது, இது சாயங்கால வேலை. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் சின்னது. கண்டுபிடிக்க முடியாது. பத்து வயதில் ஒரு பிள்ளை இன்றைக்கு எப்படி ஆடுகிறது என்பது தெரியும். பதினெட்டில் எப்படி ஆடும் என்று சொல்பவர் ஊகித்துச் சொல்கிறார், அவ்வளவுதான். பெரிய பெரிய கிளப்களே இதில் கோட்டை விட்டிருக்கின்றன. ஹாரி கேனை எட்டு ஒன்பது வயதில் ஆர்செனல் வேண்டாம் என்று அனுப்பியது. அவர்தான் பிறகு இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்ற கிரீஸ்மனை, சின்ன வயதில் உயரம் போதாது என்று பிரான்ஸில் கிளப் கிளப்பாகத் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் எல்லை தாண்டி ஸ்பெயினின் ரியல் சோசிடாட்தான் எடுத்துக்கொண்டது. ஜேமி வார்டியை 16 வயதில் குட்டையாக இருக்கிறான் என்று கழற்றிவிட்டார்கள். ஃபேக்டரி வேலை பார்த்துக்கொண்டே சின்ன லீக்கில் ஆடி, 2016இல் லெஸ்டர் சிட்டி கிளப்புடன் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரெடி அடு 14 வயதிலேயே தொழில்முறை லீக்கில் இறங்கியவர், அடுத்த பெலே என்றார்கள். தேசிய அணிக்கு 17 ஆட்டங்களோடு முடிந்துவிட்டது.

அப்படியென்றால் நம் கண்ணுக்கு 'திறமை' என்று தெரிவது என்ன? பெரும்பாலும் பிறந்த மாதமும் எலும்பும்.

நான் கோச்சான முதல் வருஷம் முப்பது பேரிலிருந்து 12 பேரைத் தேர்ந்தெடுத்தேன். ரொம்ப நியாயமாகத் தேர்ந்தெடுத்ததாக நினைப்பு. சில வருஷம் கழித்துப் பழைய நோட்டைப் புரட்டும்போது பிறந்த தேதிகள் வரிசையாகக் கண்ணில் பட்டன. பன்னிரண்டில் எட்டுப் பேர் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் பிறந்தவர்கள். நம் ஊரில் வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஆனால் பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. முதல் பையன் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம், சொன்னதைக் கொஞ்சம் சீக்கிரம் புரிந்துகொள்கிறான். நான் அதைத் திறமை என்று எழுதிவைத்தேன். ஐரோப்பாவின் அகாடமிகளிலும் இதே கதைதான், அங்கெல்லாம் இதைப் பல வருஷமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்குகிறது, அதனால் அங்கே செப்டம்பர் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். (நம் அப்பா தலைமுறையில் இந்தக் கணக்கே செல்லாது. ஸ்கூலில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியால் பாதி ஊரும் மே, ஜூனில் பிறந்தவர்கள்.)

அதே 12 பேரில் ஒருவன் 11 வயதிலேயே என் தோள் உயரம் இருந்தான். பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினால் பின்னால் வருகிறவன் பிடிக்க முடியாது. எங்கள் டீமின் ஆட்டமே அவன்தான். கீப்பர் எடுத்து நீட்டி அடிப்பான், இவன் ஓடி கோல் போடுவான். அந்த சீசனில் இரண்டு கோப்பை வாங்கினோம், நானும் கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். 14 வயதில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது பந்தை வாங்கித் திரும்பத் தெரியாது, இடது கால் சுத்தமாகக் கிடையாது, பாஸ் கொடுக்க யாரையும் தேடிப் பழகவில்லை. மூன்று வருஷம் அவனுக்கு அதெல்லாம் தேவைப்படவே இல்லை, நானும் தேவைப்படும்படி வைக்கவில்லை. 15இல் நின்றுவிட்டான். இப்போது பார்த்தால் மரியாதையாக "வணக்கம் சார்" என்பான். எனக்குத்தான் முகம் பார்க்கக் கொஞ்சம் சங்கடம்.

அதனால் என் ஆலோசனை, 'யார் பிளேயர்' என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 18 பேரும் அடுத்த வருஷமும் கிரவுண்டுக்கு வருகிறார்களா என்று பாருங்கள். பதினெட்டுப் பேர் பதினாலு வயது வரை ஆடிக்கொண்டிருந்தால், பிளேயர் யார் என்பது தானே தெரிந்துவிடும்.

சரி, இப்போது பயிற்சிக்கு வருவோம்.

முதலில் பந்து. காலேஜில் ஆடியதால் கைக்கு வந்தது 5ஆம் நம்பர் பந்தாகத்தான் இருக்கும். அது பெரியவர்களுக்கானது, 410 முதல் 450 கிராம். உங்கள் பிள்ளைகளுக்கு 4ஆம் நம்பர் வேண்டும், 350இலிருந்து 390 கிராமுக்குள். ஐம்பது அறுபது கிராமில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு. எங்கள் டீமில் ஒரு பையனுக்கு அடிக்கடி ஷூ லேஸ் அவிழும். "சார், லேஸ் அவுந்துடுச்சு" என்று குனிந்துவிடுவான். டபுள் முடிச்சு நானே போட்டுவிட்டேன், அப்படியும் அவிழ்ந்தது. ஒரு நாள் லேஸைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்தேன். பந்து உயரே எழும்பி அவன் பக்கம் வரும் ஒவ்வொரு முறையும் குனிகிறான். விசாரித்தால், முந்தைய மழைக்காலத்தில் நனைந்த பந்து ஒன்று நேராக முகத்தில் விழுந்திருக்கிறது, மூக்கில் ரத்தம். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் ஆட அனுப்ப மாட்டார்கள். 4ஆம் நம்பர் பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, பத்து நாள் அவனோடு கையால் தூக்கிப் போட்டுத் தொடையில் வாங்கும் விளையாட்டு மட்டும் ஆடினேன். லேஸ் அவிழ்வது நின்றுவிட்டது. 'பயந்தாங்கொள்ளி, இவன் தேற மாட்டான்' என்று ஒரு சீசன் முழுக்க நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலையால் அடிக்கும் பயிற்சியே வேண்டாம். அமெரிக்காவில் 2015 முதல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஹெட் அடிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2020இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். வளரும் மூளை விஷயத்தில் யாரும் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியதில்லை. பத்து வயது ஆட்டத்தில் பந்து தரையில் இருப்பதே நல்லது.

அடுத்தது, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். நம் ஊரில் எந்தக் கிரவுண்டுக்குப் போனாலும் இந்தக் காட்சி கிடைக்கும். ஆறு கோன், ஒரு பந்து, பத்துப் பேர் வரிசை. ஒருவன் கோன்களுக்கு நடுவே பந்தை ஓட்டிக்கொண்டு போய் வருகிறான், மீதி ஒன்பது பேர் ஒருவன் காலை ஒருவன் மிதிக்கிறார்கள். கோச் "வரிசையில நில்லு" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் காலில் பந்து இருந்த நேரம் மூன்று நான்கு நிமிஷம்கூடத் தேறாது. கோன் திருட வராது, காலை நீட்டாது, தோளால் இடிக்காது. கோனைத் தாண்டப் பழகியவன் கோனைத் தாண்டுவான்.

18 பேர் என்றால் மூன்றுக்கு மூன்றாக மூன்று சின்ன ஆட்டம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் நடையில் 25 தப்படி நீளம், 18 தப்படி அகலம் போதும். கோல் போஸ்டுக்குச் செருப்பு, பை, செங்கல், எது கிடைத்தாலும் சரி. ஒரு பக்கத்துக்கு ஒரு கோலுக்குப் பதில் இரண்டிரண்டாக, நான்கு மூலையிலும் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் பந்தை வைத்திருப்பவன் தலையைத் தூக்கி மறுபக்கம் பார்த்தே தீர வேண்டும். 'தலையைத் தூக்கு' என்று நீங்கள் நூறு தடவை சொல்வதை அந்த இரண்டாவது கோல் சொல்லிவிடும். ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து நாடு முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தை இப்படி மாற்றிவிட்டார்கள். மிகச் சின்னவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்கு குட்டி கோல். உங்கள் பிள்ளைகளின் வயதில் ஐந்திலிருந்து ஏழு பேர். உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு அது, பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் ஓடவிட்டதில் தப்பு நடந்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டு மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது.

இதற்காக ஜெர்மனி வரை போக வேண்டியதும் இல்லை. வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் ஒரு முறை போய் நின்று பாருங்கள். ஒரே மைதானத்தில் எத்தனை ஆட்டம் நடக்கிறது என்று எண்ண முடியாது. ஒரு கூட்டத்தின் பந்து இன்னொரு கூட்டத்துக்குள் போகும். ஏழு வயதுப் பொடியன் பதினாலு வயது அண்ணன்களோடு ஆடுவான். அங்கே இடம் கிடையாது, அதனால் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறான். அண்ணன்களை இடித்துத் தள்ள முடியாது, அதனால் பந்து வருவதற்கு முன்பே எங்கே தட்டுவது என்று யோசித்து வைக்கிறான். 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களம் ஆடிய தனபால் கணேஷ் அந்த வியாசர்பாடிக்காரர்தான். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து, அதே ஐஎஸ்எல்லில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் வந்தார், மீனவக் குடும்பம். மணலில் ஆடியவன் காலுக்கு மைதானம் லேசாகத்தான் இருக்கும். இந்த ஊர்களில் கோச்கள் இல்லாமல் இல்லை, நல்ல கோச்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் கோச் வருவதற்கு முன்னும் போன பின்னும் பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் கிடையாது. டியூஷன், கீபோர்டு கிளாஸ், நீச்சல். வாரத்தில் மூன்று மணி நேரம்தான் உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை வரிசைக்குக் கொடுக்காதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எழுபத்தைந்து நிமிஷம். வந்தவர்கள் வந்தவுடன் ஆடத் தொடங்கலாம், எல்லோரும் வரும்வரை காத்திருப்பது கிடையாது. பத்து நிமிஷம் ஆளுக்கொரு பந்தோடு 'திருடன் போலீஸ்'. தன் பந்தை விடாமல் அடுத்தவன் பந்தைத் தட்டிவிட வேண்டும். இருபது நிமிஷம் அன்றைய விஷயம், அதுவும் எதிராளி வைத்துத்தான், இரண்டுக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு இரண்டு. அப்புறம் கடைசி வரை சின்ன ஆட்டம், எட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஜோடி மாற்றி. நடுவில் இரண்டு தடவை தண்ணீர். ஏப்ரல், மே மாதம் ஐந்து மணிக்கு முன்னால் ஆரம்பிப்பதே இல்லை, தண்ணீர் இடைவேளையும் நான்காகிவிடும். தண்ணீர் கேட்கிற பிள்ளையை 'இப்பத்தானே குடிச்சே' என்று நிறுத்தாதீர்கள். எங்கள் காலத்தில் கோச்கள் அப்படி நிறுத்தினார்கள், அது வெறும் மூடத்தனம்.

கோல்கீப்பர் விஷயத்தில் ஒரு வார்த்தை. தெருவில் குண்டாக இருப்பவனை, இல்லையென்றால் கடைசியாக வந்தவனைப் பிடித்துக் கோலில் நிறுத்துவோம் இல்லையா, அது டீம் வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. 12 வயது வரை எல்லோரும் சுழற்சியில் நிற்கட்டும். டிஃபென்ஸ், ஃபார்வர்ட் எல்லாவற்றுக்கும் அதேதான். இவன் ஸ்டாப்பர், இவன் விங்கர் என்று இப்போதே பட்டம் கட்டிவிட்டால் உங்கள் டோர்னமென்ட்டுக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

இனி கத்துவது. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்த இடம். நான் லைனில் நின்று ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பேன். "பாஸ் பண்ணு, திரும்பு, ஷூட், ஏன்டா அங்க நிக்கிற." ஒரு நாள் ஆட்டம் முடிந்து ஒரு பொடியனைக் கேட்டேன், அந்த இடத்தில் ஏன் பாஸ் கொடுத்தாய், முன்னால் இடம் இருந்ததே? "நீங்க சொல்லலையே சார்" என்றான். நான் சொல்லியிருந்தால் ஓடியிருப்பான், சொல்லாததால் பாஸ் கொடுத்துவிட்டான். அப்படியென்றால் ஆடியது யார்?

அதற்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். வீட்டிலிருந்து ஐம்பது புளியங்கொட்டை எடுத்து வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு முறை கத்தினால் ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்கு. முதல் நாள் இருபது நிமிஷத்தில் வலது பாக்கெட் காலி. சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு ஆட்டத்துக்குப் பத்துக்குள் கொண்டுவந்தேன். இப்போது ஆட்டம் நடக்கும்போது பெயர் சொல்லிப் பாராட்டுவது மட்டும் உண்டு, திருத்துவதெல்லாம் இடைவேளையில், அதுவும் கேள்வியாக. "அந்த நேரம் உனக்கு என்ன தெரிஞ்சது?" என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைகள் நம்மைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். சில சமயம் நான் நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒரு டிஃபெண்டர் அவனுக்குத் தெரிந்திருப்பான்.

வாயை மூடியதில் வந்த இன்னொரு லாபம், பார்க்க நேரம் கிடைத்தது. நீங்கள் திறமையைக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டீர்களே, நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். இது ஆரூடம் இல்லை, அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கான குறிப்பு மட்டும். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறானா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு விநாடியில் என்ன செய்கிறான், நின்று கையை விரிக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? தெரியாத ஒன்றை ஆட்டத்தில் முயன்று பார்க்கிறானா, தெரிந்ததையே செய்கிறானா? பயிற்சி இல்லாத நாளில் சுவரோடு ஆடுகிறானா? ஒரு ரூல்டு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். மாதம் ஒரு முறை, தேதி போட்டு இரண்டு வரி. ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடும் வரி அதில் வரவே கூடாது. அவனைப் போன மாத அவனோடு மட்டும்தான். என் நோட்டில் ஒரு பெண்ணின் பக்கத்தில் ஐந்து மாதம் தொடர்ந்து 'இடது கால் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். ஆறாவது மாதம் 'இன்று இடது காலால் பாஸ், தப்பாகப் போனது' என்று இருக்கிறது. அந்தத் தப்பான பாஸுக்குத்தான் அன்று கை தட்டினேன்.

அந்த நோட்டில் உயரத்தையும் எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஷெட் சுவரில் பென்சில் கோடு போதும். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக வளர்வார்கள், ஆளுக்கு ஆள் இரண்டு வருஷம் முன்பின் ஆகும். உங்கள் டீமில் மூத்த பெண் பிள்ளைகளுக்கு இது இப்போதே தொடங்கியிருக்கலாம். ஒரே வருஷத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஏறிய பிள்ளைக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. நேற்று வரை காலில் ஒட்டியிருந்த பந்து இன்று இரண்டு அடி தள்ளிப் போகும், ஓட்டம் தடுமாறும். 'இவனுக்கு என்ன ஆச்சு, கவனம் போயிடுச்சு, போன் பாக்குறான்' என்பார்கள். சுவரில் இருக்கும் பென்சில் கோட்டைக் காட்டினால் அப்பா அம்மாவுக்குப் புரிந்துவிடும். இந்தச் சமயத்தில்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலி, குதிகாலில் வலி என்று வருவார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்க முடியாமல், ஒட்டியிருக்கும் இடத்தில் இழுப்பதால் வருவது. நொண்டிக்கொண்டு ஆடவிடாதீர்கள், ஓட்டத்தைக் குறையுங்கள், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். 'வளர்ற வலி, சரியாயிடும்' என்று தைலம் தேய்த்து இறக்கிவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெல்ஜியத்தில் இப்படித் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்திருக்கிறார்கள். உடம்பு வரும்வரை ஆள் காணாமல் போய்விடக் கூடாதே என்று.

உங்கள் மூன்று பெண் பிள்ளைகளைப் பற்றி. பத்து வயதில் அவர்கள் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து தாராளமாக ஆடலாம். பிரச்சினை பன்னிரண்டு, பதின்மூன்றில் வரும். அது ஆட்டத்தில் வராது, வீட்டிலிருந்து வரும். 'பெரிய பொண்ணாயிட்டா, போதும்' என்று ஒரு நாள் நின்றுவிடுவார்கள். போனில் கூப்பிட்டால், பரீட்சை இருக்கிறது என்பார்கள். இதற்கு நான் கண்டது மூன்றே விஷயம்: பூட்டுப் போடக்கூடிய ஒரு டாய்லெட், தொளதொளப்பாக இல்லாமல் அவர்கள் அளவுக்குத் தைத்த அடர் நிற ஜெர்சி, கூட ஆட இன்னொரு பெண். மூன்று பேரை ஆறு பேராக்கப் பாருங்கள், ஆறு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் இழுத்து வந்துவிடுவார்கள். வீட்டாரிடம் பேசும்போது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் சீனியர் தேசிய சாம்பியன் ஆனதைச் சொல்லுங்கள், மதுரை சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றதைச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அதைவிட அதிகம் வேலை செய்வது இன்னொரு தகவல். கடலூரிலிருந்து இந்திய அணிக்குப் போன இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அதைக் கேட்டதும் அப்பாக்களின் முகம் மாறும். கோப்பையைவிட யூனிஃபார்முக்கு மதிப்பு அதிகம், நம் வீடுகளில் அது அப்படித்தான்.

டோர்னமென்ட்டுக்கு வருவோம். பெயர் கொடுக்கும்முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை பேர் ஆட்டம், எந்த நம்பர் பந்து. பத்து வயதுக்குப் பதினொரு பேர், முழு மைதானம் என்றால் போகாதீர்கள். ஒரு பிள்ளை அரை மணி நேரத்தில் நான்கு தடவை பந்தைத் தொடும், மற்ற நேரமெல்லாம் ஓடும். பதினெட்டுப் பேர் இருப்பதால் இரண்டு அணியாகப் பெயர் கொடுங்கள். 'ஏ' டீம், 'பி' டீம் என்று பிரிக்காமல் இரண்டையும் சம பலத்தில் பிரியுங்கள். எல்லோருக்கும் குறைந்தது பாதி நேரம் ஆட்டம் உண்டு என்று முதல் நாளே பெற்றோரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஃபைனலிலும் அதே விதிதான். ஃபைனலில் மாற்றினீர்கள் என்றால் அதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்துவிடும். நார்வேயில் பிள்ளைகள் 11 வயதை எட்டும் வருஷம் வரை எந்த விளையாட்டிலும் பாயிண்ட் டேபிள் போடுவதே விதிப்படி கூடாது. அதனால் அங்கே ஆட்டம் அழிந்துவிடவில்லை, கோல் அடிப்பதில் பேர்போன எர்லிங் ஹாலண்டும் அங்கிருந்துதான் வந்தார்.

அப்புறம் மீசை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் எதிர் அணியில் மீசை அரும்பியவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். பிறப்புச் சான்றிதழ் கச்சிதமாக இருக்கும். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபாவே 2009 முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறது என்றால் இந்த நோய் எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நான் புகார் கொடுத்து, நடுவரோடு வாதாடி, ஆட்டம் நாற்பது நிமிஷம் நின்றது. பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஆடினோம், 4-0 தோற்றோம். திரும்பும்போது வேனில் ஒரு பொடியன், "சார், அந்த அண்ணன் பந்தை ஒரு தடவை நான் புடுங்கிட்டேன், பாத்தீங்களா?" என்றான். நான் பார்க்கவில்லை. அந்த நேரம் முறைத்துக்கொண்டு பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் டீமில் மட்டும் வயதை மாற்றாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். அடுத்தவர் செய்தால் ஆட்டத்துக்கு முன் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு விதி வைத்தால் போதும். லைனிலிருந்து கை தட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு யோசனை சொல்லக் கூடாது. மீறுகிறவரைக் கூப்பிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தண்ணீர் கேன் பொறுப்பைக் கொடுத்துவிடுவேன். வேலை இருந்தால் கத்த மாட்டார்கள்.

முடிந்தால் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் படித்துவிடுங்கள், சில நாள் கோர்ஸ்தான். காலேஜில் ஆடியது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு என்று முதல் நாளே புரியும். டோர்னமென்ட்டுக்கு முன்னால் முடியாவிட்டால் பரவாயில்லை.

கடைசியாக உங்கள் மகன். இதை நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியில் மூன்று இடத்தில் அவன் வந்தான். என் பையனும் என்னிடம் நான்கு வருஷம் ஆடினான். ஒன்று அவனுக்குக் கூடுதலாகச் சலுகை கொடுத்தேன், இல்லையென்றால் சலுகை கொடுக்கவில்லை என்று காட்டுவதற்காக அவனையே முதலில் வெளியே எடுத்தேன். இரண்டையும் அவன் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். அவன் எவ்வளவு நேரம் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது என்பதெல்லாம் என்னோடு நிற்கும் இன்னொரு கோச்சின் முடிவு, நான் வாய் திறக்கக் கூடாது. நீங்களும் இன்னொரு அப்பாவையோ அம்மாவையோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு ஆட்டம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. கிரவுண்டுக்குள் நான் அவனுக்கு 'சார்', கேட்டைத் தாண்டினால் அப்பா. வண்டியில் வீட்டுக்கு வரும் பதினைந்து நிமிஷம் ஆட்டத்தைப் பற்றி நான் முதலில் பேசக் கூடாது, அவன் பேசினால் பேசலாம். முதல் ஒரு மாதம் அவன் ஒன்றும் பேசவில்லை, எனக்கு நாக்கு அரித்தது. ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது பின்னாலிருந்து முதுகில் தட்டி, "அப்பா, அந்த ரெண்டாவது கோல் என் தப்புதானே?" என்றான். ஹெல்மெட்டுக்குள் சரியாகக் காதில் விழாதது போல, "எது?" என்றேன். வீடு வரும்வரை அவனே முழுக்க விளக்கினான்.